அடிபடுபவர் கையிலேயே தடி: சிறைக்குள் ஒரு பழைய ஏற்பாடு

கோலார் தங்கவயல் / புது தில்லி:

கோலார் தங்கவயலில் இன்று சுரங்கம் இல்லை. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு எஞ்சியிருப்பவை சயனைடு மண்மேடுகளும், துருவேறிய இரும்புக் கோபுரங்களும், மாரிக்குப்பத்தில் இருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயில்களில் நெருக்கியடித்து ஏறும் கூட்டமும்தான். ஆனால், ஒரு மக்கள் கூட்டத்தை அதன் ஆட்களைக் கொண்டே கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி என்பதை அறிய விரும்புவோர்க்கு இந்த ஊரின் வரலாறு இன்றும் பயன்படும்.

1880-ம் ஆண்டில் இங்கு காலூன்றிய ஜான் டெய்லர் கம்பெனிக்கு வட ஆற்காடு, சித்தூர், சேலம் வட்டாரங்களில் இருந்து ஆட்கள் வந்து சேர்ந்தனர். பெரும்பாலானோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களைத் திரட்டி வந்தவர் ஒப்பந்தக்காரர் அல்லது மேஸ்திரி. அவர் அதே மொழி பேசுபவர். பல நேரங்களில் அதே ஊர்க்காரர். கம்பெனியின் கட்டளை அவர் வாய் வழியாகவே தொழிலாளியின் காதுக்கு வந்தது. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களில் கங்காணி செய்த வேலையை இங்கு மேஸ்திரி செய்தார். சுரங்கத்தில் இருந்து மேலேறி வரும் தொழிலாளி, தங்கம் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று சோதிக்கப்பட்ட பிறகே வீடு திரும்ப முடியும்.

1930-ம் ஆண்டில் தொழிலாளர்கள் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் சுமார் மூன்று வாரங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடமும் சிறைக்குப் போனவர்களிடமும் ரேகை எடுத்த காலம் அது. கூலிக்கு வேலை செய்ய வந்தவர்களைக் குற்றவாளிகளின் பட்டியலில் சேர்ப்பதா என்பதே அன்று அவர்கள் எழுப்பிய கேள்வி. இந்தப் போராட்டத்தின் நினைவும், 1946-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியான தொழிலாளர்களின் நினைவும் தங்கவயல் அரசியலின் அடித்தளம். கர்நாடகத்தில் இருந்துகொண்டே கம்யூனிஸ்ட் கட்சியையும், 1999-ல் அ.தி.மு.க.வையும், 2004-ல் இந்தியக் குடியரசுக் கட்சியையும் சட்டப்பேரவைக்கு அனுப்பிய தொகுதி இது.

இத்தகைய ஊரில், உச்ச நீதிமன்றம் 2024-ம் ஆண்டு அக்டோபர் 3-ம் தேதி சிறைகள் குறித்து அளித்த தீர்ப்பு கவனத்துடன் படிக்கப்பட வேண்டிய ஒன்று.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில், அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு, சிறைக் கையேடுகளில் உள்ள சாதிப் பாகுபாட்டு விதிகளை ரத்து செய்தது. துப்புரவு வேலை இன்ன சாதிக்கு, சமையல் இன்ன சாதிக்கு என்று பிரித்த விதிகளே செய்திகளில் பெரிதாக இடம்பெற்றன. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகள் பிரித்து வைக்கப்படுவதும் வழக்கில் பேசப்பட்டது. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத மற்றொரு விதியும் உண்டு. தண்டனைக் கைதிகளில் சிலரை மேற்பார்வையாளராகவும் இரவுக் காவலராகவும் நியமிக்கலாம். ஆனால் 'அலைந்து திரியும் பழங்குடியினர்' போன்று தப்பியோடும் இயல்புடைய வகுப்பினரை நியமிக்கக் கூடாது என்று மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களின் விதிகள் கூறின. பிறப்பை வைத்து இயல்பைத் தீர்மானிக்கும் இந்த வாசகத்தை நீதிமன்றம் செல்லாது என்றது.

வழக்கின் பொருள் சாதி. ஆகவே, யாரை நியமிக்கக் கூடாது என்ற தடை நீங்கியது. கைதியைக் கைதிக்குக் காவலாக நியமிக்கலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சட்டம் தந்த தொப்பி

இந்தப் பதவிக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1894-ம் ஆண்டின் சிறைகள் சட்டம், 23-வது பிரிவு: சிறை அலுவலர்களாக நியமிக்கப்படும் கைதிகள், தண்டனைச் சட்டத்தின் பொருளில் பொது ஊழியர்களாகக் கருதப்படுவர். பல மாநிலங்களில் இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம் இது. கன்விக்ட் வாட்ச்மேன், கன்விக்ட் ஓவர்சியர், கன்விக்ட் வார்டர் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் அடுக்கு அதில் இருந்து பிறந்தது. தனி உடை, தொப்பி அல்லது பெல்ட், கடின உழைப்பில் இருந்து விலக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மாதந்தோறும் தண்டனையில் கூடுதல் நாட்கள் கழிவு. பத்தாண்டுகள் கழிக்க வேண்டிய ஒருவருக்கு அந்தக் கழிவு எவ்வளவு பெரிது என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர முடியாது. கண்காணிப்பாளர் ஒரு வரி எழுதினால் தொப்பி வரும். மற்றொரு வரி எழுதினால் தொப்பியும் போகும், சேர்த்து வைத்த நாட்களும் போகும்.

இந்த ஏற்பாட்டின் மூலம் இந்தியாவுக்கு வெளியே, ஆனால் இந்தியர்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1825-ம் ஆண்டு முதல் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியக் கைதிகளை மேய்க்கக் காவலர்கள் போதவில்லை. கைதிகளில் இருந்தே தண்டல்களையும் சேவகர்களையும் தேர்ந்தெடுத்தனர். சென்னை மாகாணத்தில் இருந்து போனவர்களும் அங்கு ஏராளம். புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்களின் உழைப்பில் எழுந்தது. அந்தச் சிறையை நிர்வகித்த மெக்நேர் என்ற அதிகாரி 1899-ல் வெளியிட்ட நூலுக்கு 'கைதிகளே தங்கள் காவலர்கள்' என்ற பொருளில் பெருமையுடன் பெயரிட்டார். செலவு குறைவு, கலகம் குறைவு என்பது அவர் கண்ட நன்மை. அந்தமான் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகளைச் செக்கில் பூட்டி விரட்டிய 'பெட்டி ஆபீசர்'களும் கைதிகளே. வெள்ளைக்கார ஜெயிலர் சில பேர். அடிப்பதற்கு நூற்றுக்கணக்கான கைகள். அந்தக் கைகளுக்குரியவர்களும் கடலைத் தாண்டி வீடு திரும்ப முடியாதவர்கள்.

சென்னை, 1976

தமிழக அரசியலில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. ஆனால், அதில் ஒரு பகுதி மட்டும் எப்போதும் நிழலில் கிடக்கிறது.

1976-ம் ஆண்டு ஜனவரி 31-ம் தேதி மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் தி.மு.க.வினர், திராவிடர் கழகத்தினர், மார்க்சிஸ்டுகள் உள்பட நூற்றுக்கணக்கானோர் மிசா சட்டத்தில் கைது செய்யப்பட்டு, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். ஒன்பதாம் பிளாக்கில் இருந்தவர்கள் பிப்ரவரி முதல் வாரத்திலேயே கடுமையாகத் தாக்கப்பட்டனர். அவர்களில் மு.க. ஸ்டாலின், கி. வீரமணி, ஆற்காடு வீராசாமி, முன்னாள் மேயரும் மக்களவை உறுப்பினருமான சிட்டிபாபு ஆகியோர் இருந்தனர். சிட்டிபாபு 1977-ம் ஆண்டு ஜனவரியில் உயிரிழந்தார். அவரது சிறை நாட்குறிப்பு பின்னர் நூலாக வந்தது. அதே ஜனவரியில் கர்நாடகத்திலும் ஓர் உயிர் போனது: பெங்களூர் மத்திய சிறையில் எட்டு மாதங்கள் அடைபட்டிருந்த நாடக, திரைப்படக் கலைஞர் சினேகலதா ரெட்டி, ஆஸ்துமா முற்றிய நிலையில் பரோலில் வெளிவந்த சில நாட்களில் இறந்தார்.

நெருக்கடி நிலை முடிந்த பின்னர் சென்னைச் சிறை நிகழ்வுகளை விசாரிக்க நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. கம்பனில் ஆழ்ந்தவர் என்று தமிழ் வாசகர்கள் அறிந்த அதே இஸ்மாயில். சிறையில் அடிக்கப்பட்டோம் என்று கூறியவர்களின் வாக்குமூலங்களைச் சிறை நிர்வாகம் மறுத்தது. அடித்தது உண்மை என்ற முடிவுக்கே ஆணையம் வந்தது.

அடித்தவர்கள் யார்? வார்டர்கள் மட்டும் அல்ல. அவர்களுடன் தண்டனைக் கைதிகளும், குறிப்பாகக் கன்விக்ட் வார்டர்களும் ஏவப்பட்டனர் என்பது அங்கிருந்தவர்கள் தொடர்ந்து கூறிவந்தது. ஆயுள் தண்டனை பெற்றவர்களை விட்டு அடிக்கச் செய்தார்கள் என்று திராவிட இயக்கத்தினர் மேடைகளில் சொல்லும்போது, அதில் ஒரு கசப்பு தொனிக்கும்: கொலைகாரர்களைக் கொண்டு எங்களை அடித்தார்கள் என்பது அந்தக் கசப்பின் சாரம். அந்தக் கசப்பு இயல்பானது. ஆனால், அந்த இரவில் தடியை ஏந்திய ஆயுள் கைதியின் பக்கத்தில் இருந்து ஒரு கணம் பார்க்க வேண்டியுள்ளது. கூட்டமாகக் கொண்டுவரப்பட்ட அரசியல்வாதிகள் யார், அவர்கள் செய்த குற்றம் என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கட்டளையிட்ட அதிகாரியின் கையில்தான் அவரது விடுதலை நாள் இருந்தது. மிசா கைதி ஒருநாள் வெளியே போவார், அமைச்சராகவும் ஆவார், ஆணையத்தின் முன் பேசுவார். மறுத்த கன்விக்ட் வார்டருக்கு எந்த ஆணையமும் வராது.

இதனால் அவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். அவர்களில் கட்டளையை மீறிய உற்சாகத்துடன் அடித்தவர்களும் இருந்திருக்கலாம். ஏவியவரின் பெயரையும் ஏவப்பட்டவரின் பெயரையும் ஒரே வரியில் எழுதுவது நீதி ஆகாது என்பதே இங்கு சொல்ல வருவது. ஸ்டாலின் மிசாவில்தான் கைதானாரா என்று 2019-ம் ஆண்டில் சர்ச்சை கிளம்பியபோது இஸ்மாயில் ஆணைய அறிக்கையின் பக்கங்கள் மீண்டும் புரட்டப்பட்டன. யார் அடிபட்டார் என்பதில் கட்சிகள் மோதின. யாரைக் கொண்டு அடித்தார்கள் என்பதை அப்போதும் யாரும் பேசவில்லை. அந்தச் சிறையின் கைதிகள் 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டனர். 2009-ல் கட்டடம் இடிக்கப்பட்டது.

அரூரில் ஒரு விளக்குமாறு

தொப்பியும் கழிவு நாட்களும் இல்லாமலேயே இதைச் செய்ய முடியும் என்பதற்கு வாச்சாத்தி சான்று.

தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகில், சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள மலைவாழ் மக்களின் கிராமம் வாச்சாத்தி. 1992-ம் ஆண்டு ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை பதுக்கல் என்று கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தனர். ஊர் நடுவே ஆலமரத்தடிக்கு மக்கள் இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டனர். பதுக்கிய கட்டைகளை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்ற பெயரில் ஏரிப் பக்கம் கொண்டுசெல்லப்பட்ட 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. கிணற்று நீரும் பாழாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் பின்னர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

சிறைக்குப் போகும் முன்பு அவர்கள் அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்தனர். அங்குதான் அது நடந்தது. ஊர்க்கவுண்டரை முன்னால் நிறுத்தி, பெண்களின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, அவரை அடிக்கும்படி அதிகாரிகள் கட்டளையிட்டனர். வாச்சாத்திப் பெண்கள் ஆண்டுக்கணக்கில், கேட்டவர்களிடம் எல்லாம், நீதிமன்றத்திலும் சொல்லிவந்த செய்தி இது.

இதன் பொருளை மலைக் கிராமத்தின் வாழ்க்கையை அறிந்தவர்களே முழுமையாக உணர முடியும். ஊர்க்கவுண்டர் என்பவர் வெறும் பெரியவர் அல்ல. திருமணம், சாவு, திருவிழா, பாகப்பிரிவினை எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. விளக்குமாற்றால் அடிப்பது என்பது தமிழ்க் கிராமத்தில் ஒரு மனிதருக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச அவமதிப்பு. தடியால் அடித்த காயம் ஆறிவிடும். பெண்களின் கையால், விளக்குமாற்றால் பட்ட அடியுடன் அந்த ஊர் மீண்டும் எப்படிக் கூடி உட்காரும்? அதிகாரிகளே அவரை அடித்திருக்க முடியும், அடிக்கவும் செய்தனர். அது போதாது என்று அவர்கள் நினைத்ததே கவனிக்க வேண்டியது. ஊர் தன்னைத்தானே அடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

அந்தக் கணக்கு பலிக்கவில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அடிக்க வைக்கப்பட்ட பெண்களும் அடிபட்டவரின் ஊராரும் பிரிந்து போகவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நிற்க, ஒரே தரப்பாக நீதிமன்றப் படியேறினர். அன்றைய அ.தி.மு.க. அரசு இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் வந்து விசாரித்து அளித்த அறிக்கை அதைப் பொய்யாக்கியது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் தொடர்ந்த வழக்கில் 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011-ம் ஆண்டு செப்டம்பர் 29-ம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் உயிருடன் இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர். அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்த பின்னர், 2023-ம் ஆண்டு அதே செப்டம்பர் 29-ம் தேதி தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா ரூ. 10 லட்சம் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். முப்பத்தோரு ஆண்டுகள்.

வாச்சாத்தி விதிவிலக்கு. வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது இரு மாநில அதிரடிப் படையினரால் துன்புறுத்தப்பட்டதாகப் புகார் கூறிய மலைக் கிராம மக்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைப்படி 89 பேருக்கு ரூ. 2.80 கோடி இழப்பீடு கிடைத்தது. வாச்சாத்தியில் கிடைத்தது போன்ற ஒரு தீர்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

வெலிக்கடை, ருமேனியா

அண்டை நாட்டில் இதே ஆயுதம் இனத்தின் பெயரால் எடுக்கப்பட்டது. 1983-ம் ஆண்டு ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் குட்டிமணி, தங்கதுரை, ஜெகன் உள்ளிட்ட 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் அதே சிறையின் சிங்களக் கைதிகள். பூட்டிய கதவுகளுக்கு அப்பால் இருந்தவர்களிடம் அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்விக்குச் சிறை அதிகாரிகள் நம்பத்தக்க பதில் எதையும் தரவில்லை. யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. இங்கு கட்டாயத்தைவிடத் தூண்டுதலே மேலோங்கியது என்பதால் வாச்சாத்தியுடன் இதை அப்படியே ஒப்பிட முடியாது. அதற்கு நெருக்கமானது ஈழத் தமிழர்கள் 'தலையாட்டி' என்று பெயரிட்ட மனிதர். சாக்கால் முகம் மூடப்பட்டு, வரிசையில் செல்பவர்களைப் பார்த்துத் தலையசைக்க வைக்கப்பட்ட அவரும் பிடிபட்டவரே. அவர் தலை அசைந்தால் ஒருவர் காணாமல் போவார், அசையாவிட்டால் அவரே.

இந்த முறையை அதன் எல்லைவரை கொண்டு சென்ற இடம் ருமேனியாவின் பிதேஷ்தி சிறை. 1949 டிசம்பரில் தொடங்கி சுமார் இரண்டு ஆண்டுகள், மாணவர்களான அரசியல் கைதிகள் அங்கு ஒருவரையொருவர் சித்திரவதை செய்ய வைக்கப்பட்டனர். அடிபட்டவர் நண்பரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்; பின்னர் அந்த நண்பரைத் தானே அடிக்க வேண்டும்; அப்போதுதான் அவரது 'திருத்தம்' முழுமை அடைந்ததாகக் கருதப்படும். முன்னின்று நடத்திய துர்கானு என்பவரும் கைதியே. விஷயம் வெளியே கசிந்ததும் கம்யூனிஸ்ட் அரசு, இது கைதிகளின் சொந்தச் சதி என்று கூறி 1954-ல் அவரையும் வேறு பலரையும் சுட்டுக் கொன்றது. அதிகாரிகள் சிலருக்குப் பின்னர் சில ஆண்டுகள் தண்டனை கிடைத்தது. விரைவில் வெளியே வந்துவிட்டனர். கட்டளை எழுத்தில் இல்லை, அடித்த கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் இந்த முறை ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதியானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

சட்டம் சொல்வது

கட்டாயத்தின்பேரில் அடித்த கைதியை இந்தியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 94-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 32-வது பிரிவாக ஏறத்தாழ அப்படியே இடம்பெற்றுள்ளது. மிரட்டலின்பேரில் செய்த செயல் குற்றமாகாது. ஆனால், அந்த மிரட்டல் உடனடி மரணம் நேரும் என்ற அச்சத்தைத் தந்திருக்க வேண்டும். கொலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடிப்போம் என்ற மிரட்டல் போதாது என்பதற்கு, அடிக்குப் பயந்து கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தவரைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. அறையில் பூட்டப்பட்டு, மாதக்கணக்கில் ஒரே அதிகாரியின் கையில் இருப்பவருக்கும், சாலையில் கொள்ளையரிடம் சிக்கியவருக்கும் ஒரே அளவுகோல். வாச்சாத்திப் பெண்கள் விளக்குமாற்றை ஏந்தியது பற்றி இந்த அளவுகோலை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சட்டம் படித்தவர்கள் யோசிக்க வேண்டியது.

தொப்பி அணிந்த கைதிக்கும் அதிகாரிகளிடம் இருந்து பாதுகாப்பு இல்லை. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் மும்பை பைகுலா பெண்கள் சிறையில், வார்டராக நியமிக்கப்பட்டிருந்த தண்டனைக் கைதி ஒருவர், இரண்டு முட்டைகளும் ஐந்து பாவ் ரொட்டிகளும் கணக்கில் குறைந்தது குறித்த தகராறைத் தொடர்ந்து தாக்கப்பட்டு இறந்தார். சிறைப் பணியாளர்கள் ஆறு பேர் மீது கொலை வழக்கு தொடரப்பட்டது. நாட்டின் சிறைகளில் 2022-ம் ஆண்டு இறுதியில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். ஆள் பற்றாக்குறை உள்ள சிறையில், நெரிசல் மிகுந்த அறையை யாரைக் கொண்டு நிர்வகிப்பது என்ற கேள்விக்கு 1825-ல் சிங்கப்பூரில் கிடைத்த விடையே இன்னும் கைகொடுக்கிறது.

ஐ.நா. இதை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட்டது. கைதி எவரையும் சிறையில் ஒழுங்கு நடவடிக்கை சார்ந்த பொறுப்பில் அமர்த்தக் கூடாது என்று 1955-ம் ஆண்டின் குறைந்தபட்ச விதிகள் கூறின. நெல்சன் மண்டேலா விதிகள் என்ற பெயரில் 2015-ல் அவை புதுப்பிக்கப்பட்டபோது 40-வது விதியாக அது நிலைத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையும், அரசு அதிகாரி தானே அடித்தால்தான் சித்திரவதை என்று சொல்லவில்லை. அவரது தூண்டுதலில், சம்மதத்தில், கண்டும் காணாமல் இருந்ததில் பிறர் செய்வதும் சித்திரவதையே. அதாவது விளக்குமாற்றைக் கொடுத்தவரே குற்றவாளி.

அந்த உடன்படிக்கையில் இந்தியா 1997-ம் ஆண்டு அக்டோபர் 14-ம் தேதி கையெழுத்திட்டது. அதை ஏற்புறுதி செய்வதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றார்கள். 2010-ம் ஆண்டு மே மாதம் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. குழு அதே ஆண்டு அறிக்கையும் தந்தது. 2014-ல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. 2017 அக்டோபரில் சட்ட ஆணையம் தனது 273-வது அறிக்கையில் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யுமாறு பரிந்துரைத்து, வரைவுச் சட்டத்தையும் இணைத்துத் தந்தது. தேர்வுக் குழுவுக்குத் தலைமை வகித்த முன்னாள் சட்ட அமைச்சர் அஸ்வனி குமாரே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட முடியாது என்று 2019 செப்டம்பரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மத்திய உள்துறை அமைச்சகம் 2023 மே மாதம் மாதிரிச் சிறைகள் சட்டத்தைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. 1894-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக அதை ஏற்பதா, எந்தத் திருத்தங்களுடன் ஏற்பதா என்பது மாநிலங்களின் முடிவு. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்.

தமிழகத்தில் மிசா கைதியாக ஒன்பதாம் பிளாக்கில் அடிபட்டவர் 2021-ல் முதல்வரானார். வாச்சாத்தித் தீர்ப்பு 2023-ல் வந்தது. கன்விக்ட் வார்டர் என்ற பதவியைச் சட்டப் புத்தகத்தில் இருந்து நீக்குவதற்கு ஒரு மாநில அரசுக்கு வேண்டியது சட்டப்பேரவையில் ஒரு திருத்தம்.